ஆயிரம் கணினிகளும் ஒரு மென்பொருளும்

தேரோட்டம் கண்டிராதார் நம் நாட்டில் மிகச் சிலரே. வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானவர். அவர் அனைவரும் ஒருசேர இழுத்தாலன்றித் தேர் நிலையைவிட்டு நகராது. ஆயினும், தேரின் செம்மையான ஓட்டம் வடம் பிடிப்போரால் மட்டும் அமைவதன்று. சக்கரங்களின் அருகே முட்டுக்கட்டையுடன் நடந்து செல்வோர் சிலர் உளர். திருப்பவேண்டிய இடத்தில் தேரைத் திருப்புவதும், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவதும் அவர்தம் கைத்திறமே ஆகும். தேர் புறப்படுமுன் அச்சையும் சக்கரத்தையும் தட்டிப் பார்ப்போர் வேறு சிலர். வீதியின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளைக் கழற்றி வைப்போர் வேறு சிலர். இத்துணைப் பேரும் தத்தம் பணியை முறையாகச் செய்தபின்னரே தேர் நலமாக நிலைக்கு வந்து சேர்கின்றது.

தேரோட்டத்தை ஒத்த பெரும்பணி ஒன்று இக்காலத்தில் நம் கண்ணுக்குப் புலப்படாமலே நாள்தோறும் நடைபெற்று வருகின்றது. ஒரு வங்கியிலோ, மருத்துவமனையிலோ, வானூர்தி நிலையத்திலோ இயங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரு புதிய மென்பொருளைக் கொண்டுசேர்க்கும் பணியே அது. அப்பணி செவ்வனே நடந்தால் எவரும் அதனை அறியார். சிறிது பிழைத்தாலோ உலகமே அறியும். அதனை எங்ஙனம் திட்டமிடுகின்றனர், எங்ஙனம் நிறைவேற்றுகின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கணினியில் நாம் கண்ணால் காண்பனவும் கையால் தொடுவனவுமாகிய உறுப்புகள் வன்பொருள் எனப்படும். அவ்வுறுப்புகளை இன்னது செய்க என்று ஏவும் கட்டளைகளின் தொகுதி மென்பொருள் எனப்படும். யாழுக்கு இசை எவ்வாறோ, கணினிக்கு மென்பொருள் அவ்வாறு. வீட்டில் ஒருவர் தம் கைப்பேசியில் உள்ள மென்பொருளைப் புதுப்பிப்பது எளிய செயல். ஒரு பொத்தானைத் தொட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் போதும். பிழை நேர்ந்தாலும் இடர்ப்படுபவர் அவர் ஒருவரே. ஆனால், ஆயிரம் கணினிகள் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். பெயர் பதியும் இடத்தில் ஒரு கணினி. குருதியை ஆராயும் கூடத்தில் ஒரு கணினி. மருந்து வழங்கும் இடத்தில் மற்றொன்று. இவை யாவும் கேட்கும் செய்திகளைத் தன்பால் சேமித்து வைத்து உடனுக்குடன் எடுத்துக் கொடுக்கும் கணினிகளும் உண்டு. இவற்றைச் சேவையகங்கள் என்பர். இக்கணினிகள் சங்கிலியின் கண்ணிகளைப்போல் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒரு கண்ணியை மாற்றும்போது சங்கிலி அறாமல் காக்கவேண்டும்.

“நன்றாக ஓடும் வண்டியை நிறுத்திச் சக்கரத்தை மாற்றுவானேன்? இருக்கும் மென்பொருளே இருந்துவிட்டுப் போகட்டுமே” என்று சிலர் வினவலாம். மாற்றம் வேண்டப்படுவதற்குக் காரணங்கள் மூன்று. புதிய தேவைகள் தோன்றுதல் ஒன்று. பழைய மென்பொருளில் பிழை காணப்படுதல் மற்றொன்று. கள்வர் புகுதற்கேற்ற துளை அதில் இருப்பதாகத் தெரியவருதல் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவது சிறிதும் காலந்தாழ்த்துவதற்கு இடம் தராதது. இதற்குச் சான்றாக ஒரு வரலாற்றைக் கூறுவோம்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் தம் விண்டோஸ் என்னும் இயக்க மென்பொருளில் அத்தகைய துளை ஒன்று இருப்பதை அறிந்து, அதனை அடைக்கும் திருத்தத்தை 2017 மார்ச்சு 14ஆம் நாள் வெளியிட்டனர். அதன்பின் 59 நாள்கள் கழிந்தன. மே 12ஆம் நாள், வான்னாக்ரை என்னும் கேட்டு மென்பொருள் அத்துளையின் வழியே புகுந்து, 150 நாடுகளுக்கு மேல் பரவியது. அது கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, விடுவிக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்து நாட்டின் தேசிய நலவாழ்வுச் சேவையைச் சேர்ந்த 236 மருத்துவமனை அமைப்புகளுள் 81 அமைப்புகள் இதனால் அல்லலுற்றன. மருத்துவரைக் காண நாள் குறித்திருந்த நோயாளர் பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாறு கைவிடப்பட்ட சந்திப்புகள் 19,000க்கு மேல் இருக்கும் என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. மருந்து கையில் இருந்தும் உரிய காலத்தில் உண்ணாதவன் நிலையை ஒத்தது இது. அங்குப் பணிபுரிந்தோர் எல்லாரும் சோம்பியிருந்தனர் என்று கூறுதலும் பொருந்தாது. உடலைப் படம் பிடிக்கும் கருவிகள் சிலவற்றின் உள்ளே பழைய விண்டோஸ் அமைந்திருந்தது. அதனைத் தொட்டால் கருவியே இயங்காமற் போகுமோ என்னும் ஐயம் அவர்க்கு இருந்தது. அந்த ஐயத்தை முன்னரே ஆராய்ந்து தீர்த்து வைப்பதற்கே திட்டம் என்பது வேண்டப்படுகின்றது.

திட்டத்தின் முதற்படி கணக்கெடுப்பு. தம்மிடம் எத்தனை கணினிகள் உள்ளன, அவை எங்கெங்கு உள்ளன, ஒவ்வொன்றிலும் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு இயங்குகின்றது, அதனைப் பயன்படுத்துபவர் யாவர் என்பனவற்றை ஒரு பட்டியலாக வகுத்தல் வேண்டும். இது மிக எளிதெனத் தோன்றும். ஆயினும் பெரிய நிறுவனங்கள் இடறி விழுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். மாடிப்படியின் கீழே எவரும் நினையாமல் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி ஒன்று பட்டியலில் விடுபட்டுப் போகும். விடுபட்ட அந்த ஒன்றே பின்னர்க் கேட்டிற்கு வாயிலாகும். தன் வீட்டின் வாயில்கள் எத்தனை என்று அறியாதவன் அவற்றைத் தாழிடுவது எங்ஙனம்?

இரண்டாம் படி சோதனை. நிறுவனத்தில் எவ்வெவ் வகைக் கணினிகள் உள்ளனவோ, அவ்வவ் வகையில் ஒவ்வொன்றைத் தனியே எடுத்து வைத்து, புதிய மென்பொருளை முதலில் அவற்றில் நிறுவிப் பார்த்தல் வேண்டும். மென்பொருள் தனித்து வாழ்வதன்று. மருந்துக் கணக்கு எழுதும் மென்பொருள் அச்சிடும் மென்பொருளை நாடி நிற்கும். அது மற்றொன்றை நாடி நிற்கும். ஒன்றை மாற்றினால் அதனைச் சார்ந்து நிற்பன எவை என்று ஆராய்தல் இன்றியமையாதது. புதிய மென்பொருள் ஓடுகின்றதா என்று பார்ப்பதுடன் அமையாது, பழைய பணிகள் யாவும் முன்போல் நடைபெறுகின்றனவா என்றும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாம் படி காலமும் வழியும் தெரிதல். வங்கியில் மாத இறுதி நாள்களில் கணக்கு முடிக்கும் வேலை மிகும். அந்நாள்களில் மாற்றம் செய்தல் தகாது. இரவில் செய்யலாம் எனின், பணியாளர் மாலையில் கணினிகளை நிறுத்திவிட்டுச் செல்வர்; நின்ற கணினி எதனையும் ஏற்காது. ஆதலின், இன்ன நாளில் கணினியை நிறுத்தாது செல்க என்று முன்னரே அறிவித்தல் வேண்டும். மருத்துவமனைக்கோ இரவும் பகலும் ஒன்றே. அங்கு ஒரு பிரிவை முடித்தபின் மறு பிரிவு என்று மாறிமாறிச் செய்வதே முறை. வழியையும் நோக்குதல் வேண்டும். ஒரு மென்பொருள் 2 கிகாபைட்டு அளவுடையது என்று கொள்வோம். 1000 கணினிகளுக்கும் தலைமையிடத்திலிருந்தே தனித்தனியாக அனுப்பினால் 2000 கிகாபைட்டு ஒரே இணைப்பின் வழியே செல்லவேண்டும். அலுவலகத்தின் ஏனைய வேலைகள் அதனால் தடைப்படும். 50 கணினிகள் உள்ள ஒரு கிளைக்கு ஒரு படியை மட்டும் அனுப்பி வைத்து, அக்கிளைக்குள்ளேயே அதனைப் பகிர்ந்து கொள்ளச் செய்தால் இணைப்பின் சுமை ஐம்பதில் ஒரு பங்காகக் குறையும். ஏரி நீரை ஒவ்வொரு பயிருக்கும் குடத்தில் சுமந்து ஊற்றுவார் இலர்; மதகைத் திறந்து வாய்க்காலில் விட்டு, வாய்க்காலிலிருந்து வயலுக்குப் பிரித்துக்கொள்வர். அறிவாளர் இங்கும் அவ்வழியையே பின்பற்றுகின்றனர்.

நான்காம் படி சிறிது சிறிதாகப் பரப்புதல். சோதனையில் வெற்றி கண்டதும் ஆயிரம் கணினிகளுக்கும் ஒருங்கே வழங்கிவிடலாகாது. முதலில் பத்துக் கணினிகளுக்கு வழங்கி ஓரிரு நாள் பார்த்தல் வேண்டும். குறை காணப்படாவிடின் நூற்றுக்கு வழங்கலாம். அதன்பின் எஞ்சியவற்றுக்கு வழங்கலாம். ஒவ்வொரு படியிலும் நின்று நோக்கி, நலம் எனத் தெளிந்த பின்னரே அடுத்த படியில் கால் வைத்தல் வேண்டும். சோறு வெந்ததா என்று அறிய ஒரு பருக்கையை எடுத்துப் பார்ப்பவள், பதம் தெரியுமுன் பந்திக்கு இலை போடச் சொல்வதில்லை.

இம்முறையைக் கைக்கொள்ளாமையால் நேர்ந்த தீங்கினை 2024 சூலை 19ஆம் நாள் உலகம் கண்டது. கணினிகளைப் பகைவரிடமிருந்து காக்கும் மென்பொருளை வழங்கும் கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், அன்று இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்திற்குச் சிறு கோப்பு ஒன்றைத் தன் வாடிக்கையாளரின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒருங்கே அனுப்பியது. அக்கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. கணினியில் இருந்த மென்பொருளோ 20 உள்ளீடுகளையே கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிச் சென்ற கணினி, தனக்குரியதல்லாத நினைவிடத்தில் புகுந்து, திடீரென நின்றுவிட்டது. கோப்பினை ஆராய்ந்து பார்த்து ஒப்புதல் அளிக்கும் சோதனை மென்பொருளிலும் ஒரு குறை இருந்தமையால் அப்பிழை முன்னரே வெளிப்படவில்லை.

நிறுவனத்தார் 78 நிமிடங்களில் தவற்றை உணர்ந்து கோப்பினைத் திரும்பப் பெற்றனர். எனினும் அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் வீழ்ந்துவிட்டன என மைக்ரோசாப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. உலகெங்கும் வானூர்திகள் புறப்படாமல் நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. நம் நாட்டிலும் வானூர்திப் பயணிகள் சிலருக்கு ஏறுவதற்குரிய சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. இதில் மற்றொரு துன்பமும் இருந்தது. வீழ்ந்த கணினி தொடங்கும்போதே மீண்டும் மீண்டும் நின்றமையால், தொலைவிலிருந்து அதனைத் திருத்த இயலவில்லை. பணியாளர் கணினிதோறும் நேரில் சென்று, அதனைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அக்கோப்பினை அழிக்கவேண்டியதாயிற்று. அனுப்புதற்கு ஒரு நொடி. மீட்பதற்குப் பல நாள்! முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் தீங்கு அச்சிலவற்றோடு நின்றிருக்கும். அந்நிகழ்ச்சிக்குப் பின் அந்நிறுவனமும் இத்தகைய கோப்புகளைப் படிப்படியாகவே வழங்கும் முறையை மேற்கொண்டது.

ஐந்தாம் படி ஒப்புநோக்குதல். பண்டைக் காலத்தில் ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோர், எழுதி முடித்ததும் பணி முடிந்தது என எழுந்து போவதில்லை. ஒருவர் மூல ஏட்டைப் படிக்க, மற்றொருவர் புதிய ஏட்டில் விரல் வைத்துப் பார்த்து வருவார். ஓர் எழுத்து மாறினாலும் பாட்டின் பொருள் மாறிவிடும் என்பதை அவர் அறிவர். கணினிகளில் மென்பொருளை நிறுவுவோர்க்கும் இவ்வழக்கம் வேண்டும். இதனை மறந்த ஒரு நிறுவனத்தின் வரலாறு நெஞ்சை விட்டு நீங்காதது.

அமெரிக்க நாட்டில் நைட் கேப்பிடல் என்னும் பங்கு வாணிக நிறுவனம் இருந்தது. நியூயார்க்குப் பங்குச் சந்தையில் 2012 ஆகஸ்டு 1ஆம் நாள் தொடங்கவிருந்த ஒரு புதிய ஏற்பாட்டில் பங்குகொள்ளும் பொருட்டு, அந்நிறுவனம் சூலை 27ஆம் நாள் முதல் தன் 8 சேவையகங்களில் புதிய மென்பொருளைப் படிப்படியாக நிறுவி வந்தது. நிறுவியவர் ஏழு சேவையகங்களில் அதனை நிறுவினார். எட்டாவதில் நிறுவத் தவறினார். இரண்டாம் ஒருவர் அதனைச் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தல் வேண்டும் என்று எழுதி வைத்த விதியும் அங்கு இல்லை.

எட்டாம் சேவையகத்தில், 2003ஆம் ஆண்டோடு பயன்பாடு ஒழிந்த பவர் பெக் என்னும் பழைய கட்டளைத் தொகுதி உறங்கிக் கிடந்தது. அதனை எழுப்பும் பழைய அடையாளத்தையே புதிய மென்பொருளுக்கும் அடையாளமாக வைத்திருந்தனர். ஒரே அழைப்பு, ஏழு சேவையகங்களில் அதற்குப் புதிய பொருள், எட்டாவதில் பழைய பொருள். சந்தை திறந்ததும் எட்டாம் சேவையகத்தின் பழைய தொகுதி விழித்தெழுந்து பங்குகளை வாங்கவும் விற்கவும் கட்டளைகளை இடைவிடாது அனுப்பத் தொடங்கியது. கேட்ட அளவு நிறைந்ததும் நிறுத்தச் செய்யும் பகுதி 2005ஆம் ஆண்டிலேயே வேறிடத்திற்கு மாற்றப்பட்டிருந்தமையால், போதும் என்பதையே அத்தொகுதி அறியவில்லை. சுமார் 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 இலட்சம் கொடுக்கல் வாங்கல்கள் நிகழ்ந்தன. கைம்மாறிய பங்குகள் 39 கோடியே 70 இலட்சத்திற்கு மேற்பட்டவை. நிறுவனத்தின் இழப்பு 46 கோடி டாலருக்கும் மேற்பட்டது. சந்தை திறப்பதற்கு முன்னரே, காலை 8 மணி அளவிலிருந்து 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களைக் கணினி பணியாளர்க்கு அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கை என்று கருதி நடவடிக்கை எடுத்தார் எவரும் இலர். அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனம் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து தன் தனித்தன்மையை இழந்தது. எட்டில் ஏழு சரியாக இருந்தும், பிழைத்த ஒன்று அத்தனையையும் கவிழ்த்துவிட்டது.

ஆறாம் படி மீளும் வழியை முன்னரே அமைத்தல். புதிய மென்பொருள் கேடு விளைவிக்குமாயின் பழைய நிலைக்குத் திரும்புதல் எங்ஙனம், அதற்கு எத்துணை நேரம் ஆகும், திரும்புக என்று ஆணையிடுபவர் யார் என்பவை தொடங்குமுன்னரே முடிவு செய்யப்படவேண்டும். புதிய மென்பொருள் தான் காக்கும் செய்திகளைப் புதிய வடிவில் மாற்றி எழுதிவிட்டால், பழைய மென்பொருளால் அவற்றைப் படிக்க இயலாது. ஆகவே, மாற்றத்திற்கு முன் செய்திகள் யாவற்றையும் தனியே படியெடுத்துக் காத்தல் வேண்டும். அப்படியிலிருந்து மீட்க இயல்கின்றதா என்று ஒருமுறை ஒத்திகையும் பார்த்தல் வேண்டும். ஆராயாமல் பின்வாங்குதலும் தீங்கே தரும். மேற்கூறிய நிறுவனத்தார் அந்த 45 நிமிடக் குழப்பத்தில், குற்றம் புதிய மென்பொருளில் உள்ளது என்று எண்ணி, அது செம்மையாக நிறுவப்பட்டிருந்த ஏழு சேவையகங்களிலிருந்தும் அதனை நீக்கினர். உடனே அவ்வேழிலும் பழைய தொகுதி விழித்துக்கொண்டது. தீ ஓரிடத்தினின்று எட்டிடத்திற்குப் பரவியது. முட்டுக்கட்டையை எந்தச் சக்கரத்தின் கீழ் இடுவது என்று அறியாமல் இட்டால் தேர் குடை சாய்வதன்றி நிற்பதில்லை.

இறுதிப் படி மக்களை ஆயத்தம் செய்தல். நாளை காலையில் கணினியைத் திறக்கும் செவிலியர் தாம் அறிந்த திரைக்கு மாறாக வேறொரு திரையைக் கண்டால் திகைப்பார். அத்திகைப்பில் கழியும் நேரம் நோயாளிக்குரிய நேரம். மாற்றம் இன்னது, இன்ன நாளில் வரும், இடையூறு நேர்ந்தால் இன்னாரை அழைக்க என்று முன்னரே எளிய சொற்களால் அறிவித்தல் வேண்டும். வேண்டிய பயிற்சியும் தருதல் வேண்டும். கணினி நின்றுவிட்டால் தாளும் எழுதுகோலும் கொண்டு பணியைத் தொடரும் முறையையும் மறவாது போற்றுதல் வேண்டும். பணி முடிந்தபின், நிகழ்ந்தவற்றை உள்ளவாறே எழுதி வைத்தல் நலம். பிறரைக் குற்றம் சாட்டுவதற்காக அன்று. அடுத்து இப்பணியை ஏற்போர் அதே பள்ளத்தில் விழாதிருப்பதற்காகவே அக்குறிப்பு எழுதப்படுகின்றது.

மாணவர்களே! இந்த மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பாருங்கள். முதலில் கூறிய மருத்துவமனைகள் காலந்தாழ்த்தியமையால் துன்புற்றன. அடுத்துக் கூறிய நிறுவனம் எல்லார்க்கும் ஒரே நொடியில் அனுப்பியமையால் உலகைத் துன்புறுத்தியது. மூன்றாவது நிறுவனம் படிப்படியாகச் செய்தும், செய்ததைச் சரிபாராமையால் அழிந்தது. காலந்தாழ்த்தலும் தவறு, ஆராயாத விரைவும் தவறு. விரைவாகச் செய்வதற்கு வழி, முன்னரே ஆயத்தமாக இருத்தலேயாகும். கணக்கும் சோதனையும் மீளும் வழியும் எப்போதும் கைவசம் வைத்திருப்பவனே, ஆபத்து வரும்போது அஞ்சாமல் விரைய வல்லவன்.

கணினி என்பதையே அறியாத காலத்தில் வாழ்ந்தவர் வள்ளுவர். ஆயினும், ஒரு செயலைத் தொடங்குமுன் ஆராய்வதற்குத் தெரிந்துசெயல்வகை என்றும், அதனைச் செய்து முடிப்பதற்கு வினைசெயல்வகை என்றும் இரண்டு அதிகாரங்களை அவர் வகுத்து வைத்தார். கருவிகள் காலந்தோறும் மாறும். கருவியைக் கையாள்வோர்க்கு வேண்டிய பொறுப்பு மாறுவதில்லை. உங்களுள் சிலர் நாளை இப்பணியை ஏற்கக்கூடும். அப்போது உங்கள் விரல் ஒரு பொத்தானின்மேல் இருக்கும். அதனை அழுத்துமுன், எட்டாவது கணினியைப் பார்த்துவிட்டோமா என்று ஒருமுறை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.